செங்கழுத்துக் குருவிக்கு நாற்பது சாட்சிகள்

நுவரெலியாப் பூங்காவுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனிச் சீட்டு. வாங்கியதும் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் பத்திரப் பதிவுத் துறையில் இருந்தவனுக்கு எந்தத் தாளிலும் முன்பக்கம் அலங்காரம். விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கும். இதில் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பார்க்க வந்த பறவை வராமல் போனால் என்ன செய்வது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

நான் பார்க்க வந்தது காஷ்மீர் ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. ஆணுக்குக் கழுத்திலிருந்து வயிறுவரை சிவப்பு, அந்தச் சிவப்பின் இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கரை. கோடையைக் காஷ்மீரத்தில் கழித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் கடலையும் தாண்டி இந்தத் தேயிலை மலைகளில் வந்து இறங்குகிறது. வழியில் எங்கெங்கே தங்குகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. திருச்சிக்குப் பக்கத்துப் பச்சைமலையில் ஒரு காலை தங்கியது என்று ஒருவர் சொன்னார். இல்லை என்று நான் எழுதினேன்.

சொன்னவர் செபாஸ்டின். ரயில்வே பணிமனையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபது வருடம் ஞாயிறுதோறும் முதல் பூசையை முடித்துக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வருவார். இருவரும் பறவை பார்க்கப் போவோம். நான் பார்த்துச் சொல்வேன், அவர் எழுதுவார். அந்த ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். தனியாகப் போனார், தனியாகப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பறவைக் குழுவுக்கு நான்தான் செயலாளர். அரிய பறவை என்றால் படம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது சாட்சி வேண்டும் என்று விதி எழுதியவனும் நான்தான். அரை சென்ட் நிலத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பவரை அடையாளம் காட்டவே இரண்டு சாட்சி கேட்கிறோம். காஷ்மீரிலிருந்து வந்த குருவிக்குக் கேட்கக் கூடாதா?

செபாஸ்டினிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும் அதில் ஒரு வாக்கியமும்தான். "தண்ணிக் குழாய் கசிந்து சுவரில் துரு ஒழுகினது போல் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் நிறம், ஓரத்தில் கரி." நான் குழுவின் குறிப்பேட்டில் எழுதினேன்: "ஏற்கப்படவில்லை. பட்டறை உவமைகள் அடையாளச் சான்று ஆகா." கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். செபாஸ்டினும் சிரித்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோபித்துக்கொண்டால் அவராகத்தான் வர வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நான்கு வருடம் போய்விட்டது. போன வருடம் அவருக்குக் கண் நரம்பு கெட்டுப் பார்வை போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

என் மகனிடம் "குளிர்ந்த காற்றுக்காக" என்று சொல்லிவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் கேட்ட அதிகாரியிடம் "சுற்றுலா" என்றேன். இரண்டும் பொய்யல்ல, முழு வாக்குமூலமும் அல்ல. அந்தப் பறவையை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். துரு ஒழுகினது போல் அது இல்லை என்றால், நான் எழுதியது சரி. இருந்தால், ஒரு மனிதரோடு பேச வேண்டியிருக்கும்.

முதல் நாள் பூங்காவில் மழை. பள்ளிப் பிள்ளைகள் நான்கு பஸ்ஸில் வந்து இறங்கி, மழையோடு போட்டி போட்டுச் சத்தம் போட்டார்கள். பின்பக்கத்து வாய்க்கால் ஓரம்தான் பறவைக்காரர்களின் இடம். பீரங்கி போன்ற காமிராக்களோடு இரண்டு வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். அவர்களுடைய வழிகாட்டி என்னையும் வாடிக்கையாளராகக் கருதி, "நேத்து இருந்திச்சு சார், இதே கொப்புல" என்றார். உலகத்தின் எல்லாப் பூங்காக்களிலும் பறவை நேற்றுத்தான் இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் மூடுபனி. பறவையைத் தேடுவதற்கு முன் மரத்தைத் தேட வேண்டியிருந்தது. ஒரே குடைக்குள் வந்த வயதான தம்பதி ஒன்று, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பொட்டலத்திலிருந்து ஆளுக்கொரு வடை எடுத்துத் தின்றுவிட்டு, எதுவும் பேசாமல் எழுந்து போனது. பறவை பார்ப்பதில் பாதி வேலை, பக்கத்தில் இருப்பவரிடம் "அதோ" என்று சொல்வது. அந்தப் பாதியை நான் நான்கு வருடமாகச் செய்யவில்லை. மீதிப் பாதியும் அன்று நடக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சைவம். இந்த நாட்டில் சைவம் என்று சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பைத் தருகிறார்கள் என்று பயந்து வந்தேன். விடுதியில் சமைக்கும் செல்விக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வட்டகொடைத் தோட்டத்தில் பிறந்தவர். "ஒங்களுக்குன்னு மாசி போடாம இடிச்சேன்யா" என்று சிவப்புச் சம்பலைத் தனிக் கிண்ணத்தில் வைத்தார். மாசி என்றால் கருவாட்டுக்குப் பெரியப்பா முறை. அது இல்லாத சம்பலும் சூடான தேங்காய் ரொட்டியும் சேர்ந்தால், ஒரு மனிதன் தன் கொள்கைகளை மறந்து நான்காவது ரொட்டி கேட்கிறான்.

செல்வியின் பேச்சு என் காதுக்குச் சொந்த ஊர்ப் பேச்சாகவே இருந்தது. "வாங்க", "சாப்புடுங்க", "போறோம்" எல்லாம் திருச்சி, துறையூர்ப் பக்கம் கேட்பது போலவே. அதனால் எல்லாம் புரிகிறது என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

"என்னாங்கய்யா, இன்னிக்கும் வரலியா ஒங்க குருவி?" என்று இரண்டாம் நாள் கேட்டார். வரவில்லை என்றேன். படத்தைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"அட, இதா! இது எங்க தோட்டத்துக்கு வருமே. ஒரு எடத்துல நிக்காது. வால ஆட்டிக்கிட்டே கெடக்கும்."

"தோட்டத்தில் எந்த இடம்?"

"வட்டகொட பஸ்ஸப் புடிங்க. கண்டாக்கையாவக் கேளுங்க. அவருக்குத் தெரியாத கொழுந்தும் இல்ல, குருவியும் இல்ல."

இந்தப் பக்கத்தில் பஸ் கண்டக்டருக்கு 'ஐயா' போடுகிறார்களே என்று வியந்தேன். எங்கள் ஊரில் 'யோவ்' என்பதே மரியாதையான விளி.

மூன்றாம் நாள் காலை தலவாக்கலையில் பஸ் மாறினேன். வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. பஸ்ஸுக்குள் ஒரு சிங்களப் பாட்டு, ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்படி யாரையோ பிரிந்து அழுதுகொண்டிருந்தது. கண்டக்டர் வெற்றிலை போட்ட வாயோடு படியில் தொங்கிக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்று, "கண்டாக்கையா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். அதற்கு முன் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது தெரிந்தது.

தொலைநோக்கியையும் படத்தையும் காட்டினேன். "குருல்லோ?" என்றார். பறவைகளா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், என் காரியம் பஸ்ஸின் காரியமாகிவிட்டது. டிரைவர் பாட்டைக் குறைத்தார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிக் கருத்துச் சொன்னார்கள். என் பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் மொழிபெயர்த்தார்.

"வட்டகொடையில என்னா இருக்கு, தேயிலதானேன்னு கேக்குறாரு. கொத்மலத் தண்ணிக்கிட்டப் போனா குருவி கூட்டங்கூட்டமா நிக்குதாம். அங்கனயே எறக்கி விடுறேங்குறாரு. பயப்படாதீங்கன்னு சொல்றாரு."

பயப்பட எனக்கு என்ன இருக்கிறது? செல்வியே சிபாரிசு செய்த ஆள். வட்டகொடையில் பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. பூண்டுலோயாவைத் தாண்டி, வளைவு வளைவாகக் கீழே போய், கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரை தெரிகிற ஒரு திருப்பத்தில் கண்டக்டர் என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "மாத்தயா, குருல்லோ!" என்று தண்ணீரை நோக்கிக் கையை நீட்டினார். அவரே வரவழைத்து வைத்தது போல முகத்தில் பெருமை.

கரை என்றால் கடற்கரை போலத்தான். அவ்வளவு அகலமான தண்ணீர். நீர் இறங்கி விட்டுச் சென்ற செம்மண் விளிம்பு, அதில் மொட்டை மரக்கட்டைகள். தண்ணீர் இன்னும் இறங்கினால் மூழ்கிப்போன பழைய பௌத்த விகாரையின் தூண்கள் வெளியே வரும் என்று பஸ்ஸில் சொன்னார்கள். அன்று எதுவும் வெளியே வரவில்லை. எதிர்ச் சரிவில் தேயிலை. அதற்கு மேலே மேகம் படுத்திருந்தது.

இங்கே ஐப்பசி வானிலை, மாறுதலாகி வந்த புது அதிகாரி மாதிரி. காலையில் போட்ட உத்தரவை மதியத்துக்குள் நான்கு தடவை ரத்து செய்கிறது. குடையை விரித்தால் வெயில் அடித்தது. மடக்கினால் தூறியது. ஒரு கால் மணி நேரம் அக்கரையில் மழையும் இக்கரையில் வெயிலுமாக இருந்தது. பிறகு நிர்வாக வசதி கருதி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கம்பளிச் சட்டையைக் கழற்றினேன், போட்டேன், கழற்றினேன். பூட்ஸுக்குள் அட்டை ஏறியதைக் கவனிக்க நேரமில்லை.

பறவை இல்லாமல் இல்லை. மரக்கட்டைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. வடக்கிலிருந்து வந்து சேர்ந்த தகைவிலான்கள் தண்ணீருக்கு மேலே தாழ்ந்து தாழ்ந்து பறந்தன. சேற்று விளிம்பில் உள்ளான்கள் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு ஓடின. ஒரு செம்பருந்து. ஒரு சாம்பல் வாலாட்டி. எல்லாம் சரிதான். ஆனால் செங்கழுத்துக்காரன் மரத்தடிக் குருவி. திறந்த சேற்றுக்கு அவன் எதற்கு வரப் போகிறான்? இதைக் கண்டாக்கையா யோசிக்கவில்லையா என்று சந்தேகம் முளைத்தது. அதற்குள் மூன்று உள்ளான்கள் ஒன்றாக எழுந்தன.

"உள்ளான், மூணு" என்றேன், சத்தமாக. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

பென்சில் உரசுகிற சத்தத்துக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. என் சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. எடுத்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உள்ளான்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து திரும்பி, நான் இருந்த இடத்தைத் தவிர்த்து, தூரமாகப் போய் இறங்கின.

அப்புறம் உத்தரவு இறுதியானது. பேய் மழை. மேட்டில் இருந்த ஒரு தகரக் கூரை டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரி லூர்தம்மா, கழுத்தில் ஜெபமாலை, தலையில் கம்பளித் தொப்பி. பெஞ்சில் மழைக்கு ஒதுங்கிய மூன்று பேர். இஞ்சி போட்ட பிளேன்டீயை நீட்டியவர் என் காலைப் பார்த்தார்.

"ஐயா, அட்ட குடிச்சிருச்சு. உப்பு வையுங்க. எந்த ஊரு?"

திருச்சி என்றேன். எங்கே போகிறேன் என்று அடுத்த கேள்வி. சொன்னேன்: வட்டகொடை பஸ், கண்டாக்கையா, குருவி, கொத்மலை, எல்லாவற்றையும். லூர்தம்மா டீக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்டாக்கையாவ எங்க பாத்தீங்க?"

"பஸ்ஸில்தான்."

"பஸ்ஸுலயா? டிக்கட் கிழிக்கிறவரையா?"

"ஆமாம்."

லூர்தம்மா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஒருவர் டீயைச் சிந்திவிட்டார். லூர்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்கய்யா" என்றார். "கண்டாக்குன்னா பஸ்காரன் இல்ல. தோட்டத்துல மலைய மேப்பாக்குறவரு. காலையில எல்லாரும் கூடுற பெரட்டுல ஆள் பிரிச்சு விடுவாரு, அந்தியில கொழுந்து நிறுப்பாரு. தொரைமாருக்கு அடுத்து அவருதான். அவரப்போயி..." மேலே பேச முடியவில்லை.

பெஞ்சிலிருந்த ஒருவர், "அந்த பஸ்காரன் இனிமே நம்மகிட்ட மிச்சக் காசு குடுப்பானா? கண்டாக்கையால்ல ஆயிட்டான்!" என்றார்.

மொழி ஒன்றாக இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான். சிங்களத்தில் சொல்லியிருந்தால் பொருள் கேட்டிருப்பேன்.

திரும்பி வந்த பஸ்ஸும் அதே பஸ். கதை எனக்கு முன்பே படியேறிவிட்டது. லூர்தம்மாதான் சிங்களத்தில் சொல்லி ஏற்றிவிட்டார். கண்டக்டர் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து எனக்கு ஏதோ சொன்னார். பக்கத்து ஆள் மொழிபெயர்த்தார்: "அரை நாளு அவரு தோட்ட உத்தியோகம் பாத்திருக்காரு. சம்பளம் யாருகிட்ட வாங்குறதுன்னு கேக்குறாரு." வட்டகொடையில் தோட்டப் பாதை பிரிகிற இடத்தில், நிறுத்தம் இல்லாத இடத்தில், எனக்காக பஸ்ஸை நிறுத்தினார்.

உண்மையான கண்டாக்கு அருளப்பன், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருந்தார். மடுவம் என்றால் பக்கச்சுவர் இல்லாத ஒரு கொட்டகை, நடுவில் தராசு. ஐம்பத்தைந்து வயது, மழைக்கோட்டு, காதில் பேனா. நான் வந்த விவரத்தைச் சொன்னேன். பஸ் கண்டக்டர் விவகாரத்தை மறைத்தேன். செல்வியின் பெயரைச் சொன்னதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். நாலு மணிக்கு வரும்."

"நேரம் போட்டு வருமா?"

"அது எங்க, நாங்கதான் நேரம் போட்டு வர்றது. கொழுந்தக் கொட்டுற நேரம் சின்னச் சின்னப் பூச்சி பறக்கும். அதுக்கு அது வரும். பூங்காவுல யாரு கொழுந்து கொட்டுறா?"

இரண்டு நாள் பூங்காவில் நான் செலவழித்த அறிவுக்கு இதைவிடச் சுருக்கமான தீர்ப்பு கிடையாது.

நான்கு மணிக்கு மழை ஓய்ந்தது. மூடுபனி தேயிலைக்குள்ளிருந்து எழும்பியது. அதற்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்; இடுப்பில் சுற்றிய ரப்பர் படங்கு, முதுகில் பை, நாற்பது பேர் இருப்பார்கள். நிறுத்து முடித்துக் கொழுந்தைக் கொட்டக் கொட்ட, ஈரப் பச்சை வாசனை கொட்டகையை நிறைத்தது. பொடிப் பொடியாகப் பூச்சிகள் கிளம்பின. நான் எழுந்து நின்றேன்.

"வந்தாச்சு" என்றார் அருளப்பன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாய்க்கால் ஓரத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் அது இருந்தது. தொலைநோக்கியை உயர்த்தினேன். வால் வெடுக்கென்று மேலே போய் மெல்ல இறங்கியது. தரைக்குப் பாய்ந்து ஒரு பூச்சியை எடுத்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பி, எனக்கு நேராக நெஞ்சைக் காட்டி உட்கார்ந்தது.

புத்தகங்கள் அந்த நிறத்தைச் செம்பழுப்பு என்கின்றன, செம்மஞ்சள் என்கின்றன. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அது எதுவும் இல்லை. தொண்டையில் அடர்த்தியாகத் தொடங்கி, கீழே போகப் போகக் கரைந்து, வயிற்றில் ஒரு கறையாக நின்றது. இரண்டு ஓரத்திலும் கரி. தண்ணிக் குழாய் கசிந்து சுவரில் துரு ஒழுகினது. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க முடியாது, ஒரு சொல் எடுக்க முடியாது. ஆறு மொழிப் பறவை நூல்களை அலமாரியில் வைத்திருப்பவன் நான். லேத் ஓட்டிய மனிதர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தார்.

"எங்க சின்னத்தொரையப் பாக்கவா சார் இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று பையை உதறிக்கொண்டே ஒரு பெண் கேட்டார்.

"சின்னத்துரையா?"

"ஆமா. தொரைக்குக் கீழ வேல பழக வருசா வருசம் மழையோட ஒருத்தரு வர்றாரு. கழுத்துல டை கட்டியிருப்பாரு. அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி வால ஆட்டுவாரு. ஒரு வேலையும் செய்ய மாட்டாரு. ஆறு மாசத்துல போயிருவாரு."

பெண்கள் சிரித்தார்கள். அருளப்பன் கேட்காதது போல எடையை எழுதினார். குருவி எதற்கும் அசையவில்லை. என் வாழ்நாளில் நாற்பது சாட்சிகளோடு அடையாளம் காட்டப்பட்ட முதல் பறவை அதுதான். பத்து நிமிடம் இருந்தது. படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தேன். அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, மீதி நேரம் வெறுமனே பார்த்தேன்.

வட்டகொடை ரயில் நிலையத்தில் நானுஓயாப் பக்கம் போகிற மாலை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. மேடையில் ஆளில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் மட்டும் விளக்கு. ஈர பெஞ்சில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, நான்கு வருடமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டேன். பார்க்காமலே விரல் போட்டது.

அவருடைய மனைவி பிலோமினா எடுத்தார். "யாரு? சாரா?" என்றார். பிறகு செபாஸ்டினின் குரல்.

"சார், நல்லாருக்கீங்களா?"

முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். "செபாஸ்டின், அந்தக் காஷ்மீர்க் குருவியை இன்னைக்கு இலங்கையில பார்த்தேன். நீங்க எழுதின மாதிரியேதான் இருக்கு. துரு ஒழுகினது மாதிரியேதான். நான் எழுதினதுதான் தப்பு" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டேன்.

"கோபமா இருக்கீங்கன்னு தெரியும்" என்றேன்.

"கோபமா? எனக்கென்ன சார் கோபம். வெக்கமால்ல இருந்துச்சு." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்க இல்லன்னு எழுதினதும், சரி, நமக்குக் கண்ணு போக ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். இல்லாதது தெரியுதுன்னா கண்ணுலதானே கோளாறு? டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. நான் நம்பல. சாருக்குத் தெரியாதது இவருக்கு என்ன தெரியும்னு வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல. குருவி பாக்கவும் போகல, ஆஸ்பத்திரிக்கும் போகல. அப்புறம் நெசமாவே போயிருச்சு."

மூன்று வருடம். நல்ல கண்ணோடு மூன்று வருடம் அவர் வீட்டுக்குள் இருந்திருக்கிறார். நான் அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அவர் வந்து மன்னிப்புக் கேட்பதற்காகக் காத்திருந்தேன். இதற்கு எந்தப் பத்தியில் என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்த திருத்தப் பத்திரங்கள் எல்லாம் நில அளவில் நேர்ந்த பிழைகளுக்கானவை.

"உங்க கண்ணு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"அப்ப மத்ததும் சரியா சார்?"

"மத்தது எது?"

"அந்தக் குருவிக்கு முன்னாடி மத்த நாள்ல நான் தனியாப் பாத்ததெல்லாம். அதுவும் தப்பாத்தான் இருக்கும்னு நோட்டுல பூராத்தையும் அடிச்சு விட்டுட்டேன்." குரல் திரும்பியது. "பிலோமி, அந்தப் பச்ச அட்ட நோட்ட எடு. பீரோவுக்கு மேல இருக்கும்."

கதவு திறக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு பிலோமினா, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், அடித்த கோட்டுக்குக் கீழே இருந்ததை வாசித்தார். ஆறுமணிக் குருவி, பெருமாள்மலை அடிவாரம். ஊர், மாதம், மரம் எல்லாம் எழுதியிருந்தார்.

"சரி" என்றேன்.

கொடிக்கால் வாலாட்டி. சரி. குங்குமப் பூச்சிட்டு, ஜோடி. சரி. நான்காவது, மலை இருவாச்சி, பச்சைமலை.

நான் பேசவில்லை.

"சார்?" என்றார் செபாஸ்டின். "எனக்காகச் சொல்ல வேணாம். இருக்குறதச் சொல்லுங்க."

"கண்ணால பார்த்தீங்களா?"

"இல்ல. சத்தம்தான்."

"அங்க அது இல்லைங்க, செபாஸ்டின்."

"இல்லையா?"

"இல்லை."

"சரி. பிலோமி, அது அடிச்சபடியே இருக்கட்டும். அடுத்தது படி."

வளைவுக்கு அப்பால் வண்டி ஊதியது. மூடுபனிக்குள் விளக்கு மஞ்சளாக வந்து, பெட்டிகள் என் முன்னால் ஒவ்வொன்றாக நின்றன. ஜன்னலிலிருந்து யாரோ எனக்குக் கையசைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, ஏறவில்லையா என்று சைகையில் கேட்டார். நான் தலையை அசைத்தேன். கொடி காட்டிவிட்டு அவர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

வண்டியின் இரைச்சலில் பிலோமினா வாசித்தது கேட்கவில்லை. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, "இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க" என்றேன்.